பூ வைக்க வருகிறார்கள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புழுக்கம். ஏரிப் பக்கம் மேகம் கட்டி, பெய்யாமலே கலைந்தது. தலைக்குக் குளிக்கவில்லை. குளித்தால் முடி கொட்டும்.

பின்னல் தொடங்கும் இடத்துக்கு மேலே இருக்கும் புழுவெட்டு, இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. காதுக்கு மேல் புதிதாக இன்னொன்று. டாக்டர்: முடி திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையுடைய அக்கா என் தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. வைக்கிற கை தலையைத் தொடுமே. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் வீட்டில் சொன்ன ஒரே பாராட்டு: “பொண்ணுக்கு முடி இன்னாமா கீது!” அப்போது வெட்டு இல்லை.

அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா: “சொல்லு. சொல்லிட்டு ஆயுசுக்கும் இங்கயே குந்திகினு புக்கு படி.”

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வாங்க வேண்டியவை: கண்மை, ஹேர்பின், சவுரி. சவுரி மட்டும் அம்பத்தூரில். திருநின்றவூர் கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும்.

ரயிலில் லேடீஸ் பெட்டி. ஃபேனுக்குக் கீழே இடம் இருந்தும் உட்காரவில்லை. பின்னால் யாரோ: “அந்தப் பொண்ணு சடையப் பாரேன்.” “அதெல்லாம் அம்மாக்காரி வளக்கறது. நம்மளுக்கு ஏது டைமு?”

அவருக்கு எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கதையில் இப்படி ஒருத்தி வந்தால், ‘சொல்லித் தொலையேன்’ என்று எரிச்சலோடு பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் அம்மா கண்மையை வெட்டின் மேல் அப்பினாள். வழிந்ததைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். கோபப்பட முடியவில்லை.

சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அவர் அக்கா பின்னால் நின்று, ஹேர்பின் குத்த முடியை ஒதுக்கினார். விரல் அங்கே நின்றது. நின்றேவிட்டது. போட்டோக்காரர்: “அக்கா, கொஞ்சம் சிரிங்க.”

அக்கா சத்தமாக: “இன்னாமா, இத்துனூண்டு பூ குடுத்துகிறீங்க? இவ முடிக்கு இது எந்த மூலைக்கு? இன்னும் கொண்டாங்க!”

கூடமே சிரித்தது. வெட்டின் மேல் சுற்றுச் சுற்றாய் மல்லி.

பிறகு அறைக்குள், விரலில் ஒட்டிய மையைத் துடைத்தபடி: “பெரியவன் பொறந்தப்போ எனக்கும் கொட்டிச்சு. இன்னிவரைக்கும் சவுரிதான். எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது.”

“அண்ணி, அவர்கிட்ட நான் இன்னிக்கே சொல்லிடறேன்.”

“ஐய, சும்மா இரு. பாத்துட்டு மூடுனவ நானு. தெரிஞ்சா எங்கம்மா என்னத்தான் உரிச்சி எடுக்கும்.”

நல்லவர். அதுதான் கஷ்டம். இதுவரை பொய் என்னுடையது, அம்மாவுடையது. இனி வாயைத் திறந்தால் அண்ணியும் மாட்டுவார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தூறல். தலையணை உறை துவைத்தேன். மை போகவில்லை.

மத்தியானம் அவர் போன். “அக்கா உன் முடியப் பத்தியேதான் பேசிகினு கீது. பூ வச்சே கை நோவுதாம். அவ்ளோ அடர்த்தியா?”

சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. தெரியும்.

“ஆமாங்க” என்றேன்.

“கல்யாணத்துக்கு அப்புறம் ஊட்ல பின்னாத, இன்னா? அவுத்து உட்டுனு இரு. எனக்கு அதான் புடிக்கும்.”

சரி என்றேன்.