சஹனில் என் பக்கம்

அன்பு ஹஃப்சா,

உன் மீதும் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் அமைதி நிலவட்டும். எண்ணூர்ப் புகைக்கு வரும் உன் இருமல் அடங்கியதா? தம்மாமில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

பெருநாளன்று வீடியோ காலில் நீங்கள் மூவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியும் தால்ச்சாவும் சாப்பிட்டதைப் பார்த்தேன். நான் உட்காரும் பக்கத்துச் சோற்றை யாரும் தொடவில்லை. வசீம் மட்டும் அங்கிருந்த எலும்பை நைசாக இழுத்தான்; நீ அவன் கையில் ஒன்று போட்டாய். சிரித்தபடியே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது தஸ்னீம் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "அத்தா, நாங்க கை கழுவிகினு வர்றதுக்குள்ள உன் பக்கத்து சோறு காலி. வூட்ல வேற யாருமே இல்ல. எலும்பகூட மென்னு ஓரமா வெச்சிகீது, நீ வெக்கிற மாதிரியே."

பூனையாக இருக்கும் என்று பதில் போட்டேன். நீயும் பயப்படாதே. அன்று நான் இங்கே வெறும் குப்பூஸ் ரொட்டிதான் சாப்பிட்டேன். ஆனால் வலது கையில் நெய் மணத்தது. எவ்வளவு சோப்புப் போட்டும் போகவில்லை.

லீவில் ஊருக்குக் கிளம்பும் என் அறைக்கூட்டாளி ராமதாஸ் செருப்பை மாட்டிவிட்டான், இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுக்கிறேன். அவன் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. அடுத்த பெருநாளைக்கும் என் பக்கத்தை விட்டுவையுங்கள்.

தால்ச்சாவில் இந்தத் தடவை மாங்காய் போட மறந்துவிட்டாய், இல்லையா?

உன் ஜாபர்