எட்டாவது ஊசி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. வியாழக்கிழமை சாயங்காலம் தையல் ஊசி எண்ணியபோது கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, உன் அத்தை, மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா, ஆக நாலு பேர். ஐந்தாவது ஆள் வரவுமில்லை போகவுமில்லை. நாலு பேரும் இந்த நிமிஷம் வரை உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் அப்படியே இருக்க வேண்டும் என்று கடவுளிடம் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த விவரத்தை முதலில் எழுதக் காரணம், மருந்துக்கடைக்காரர் சனிக்கிழமை உன் ஊருக்குக் கிளம்பினாரே, அவர் குழந்தைப் போர்வை இல்லாமல் வெறும் கையோடு வந்து நின்றதைப் பார்த்து நீ என்ன நினைத்தாயோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைக்காதே.

உன் கடைசிக் கடிதம் வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். ரத்தம் பட்டது, டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்கிறார், மீதியைப் பிறகு எழுதுகிறேன் என்று நாலு வரி எழுதியிருந்தாய். அந்த மீதி இன்னும் வரவில்லை. கடிதம் வந்த மறுநாளே குழந்தைக்குப் போர்வை தைக்க உட்கார்ந்துவிட்டேன், கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. பழைய துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு நூற்றிருபது சதுரம் வெட்டினேன், ஒன்றோடொன்று சேர்த்தேன், அதுவரை வேலை ஓடியதே தெரியவில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு சதுரத்திலும் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட வேண்டும் பார், அங்கேதான் உயிர் போகிறது. குத்து, இழு, குத்து, இழு. நிறம் மாறாது, கதை மாறாது, நாற்பது சதுரம் முடித்துவிட்டு நிமிர்ந்தால் எண்பது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கண்டுபிடித்த வழி, மொத்தத்தைப் பார்ப்பதில்லை. ஒரு குத்துக்கு ஒரு தரம் கடவுள் பெயர், ஒரு சதுரம் முடிந்தால் டப்பாவில் ஒரு பொத்தான், மூன்று பொத்தானுக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கழுத்தைத் திருப்பிக்கொள்வது. படுத்துக் கிடக்கிற நீயும் அப்படியே செய், பிரசவ தேதி வரை எண்ணாதே, அடுத்த வேளை மருந்து வரை மட்டும் எண்ணு.

சாயங்காலம் பிரார்த்தனைக்குப் போய் வந்ததும் பொத்தானையும் சதுரத்தையும் எண்ணி நோட்டில் எழுதுவேன், வியாழக்கிழமைதோறும் ஊசி எண்ணுவேன். எட்டு ஊசி. குழந்தை படுக்கிற துணி, கணக்கு தப்பக் கூடாது. போன வாரம் பூராவும் தினம் ஒரு சதுரம் கூடுதலாக வந்தது. பொத்தான் ஐந்து, துணியில் ஆறு. குறைந்தால் வீட்டையே தலைகீழாக்குகிற நான் கூடியதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, நோட்டில் தினம் 'அருள் ஒன்று' என்று எழுதி வைத்தேன். சிரிக்காதே. ஏழு நாளில் ஏழு அருள். கடைசிச் சதுரத்தை முடித்த அந்த வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தால் ஊசி ஏழு.

பாய், தலையணை எல்லாவற்றையும் உதறிப் போட்டேன். உன் அத்தை, வீட்டுல ஈ எத்தனைன்னு கேட்டாலும் அண்ணி நோட்டுல இருக்கும், ஒரு ஊசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, தரையில எங்கயாவது கிடக்கும் என்றாள். தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை, கடைக் காந்தத்தை எடுத்து வந்து துணி முழுக்கத் தடவினாள், ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும், அக்கா, பஞ்சுக்குள்ள சின்னத் துண்டா இருந்தா காந்தம் பிடிக்காமலும் போகும், நான்னா அனுப்ப மாட்டேன் என்றாள். உன் அப்பா மறுபடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷன் ரெண்டு நாளாகக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார், வயசானதும் புத்தி வந்துவிட்டது என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருந்தேன். அந்த வாரம் தைத்த நாற்பத்திரண்டையும் பிரிப்பது என்று முடிவு செய்தேன். போட்டதை விடப் பிரிப்பது கொடுமை. சனிக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் வந்து வாசலில் நின்றார், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டு வாங்க என்றேன்.

அவர் தெருத் திரும்பியதும் அப்பா என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு பிரித்திருந்தேன். நிறுத்து, உன் அருள் எல்லாம் நான்தான் என்றார். நான் பிரார்த்தனைக்குப் போன நேரமெல்லாம் தினம் ஒரு சதுரம் தைத்திருக்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை, ஊசியைக் கரண்டிக் காம்பால் தள்ளியிருக்கிறார், ஒரு நாள் அது ஒடிந்துவிட்டது. காதுப் பக்கம் கையில் வந்தது, முனை காணோம். எந்தச் சதுரம் என்றும் நினைவில்லை. அதைத்தான் பெருக்கிப் பெருக்கித் தேடியிருக்கிறார். வியாழக்கிழமை காலையே கடைக்குப் போய்ப் புது ஊசி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். பெட்டியில் போட்டிருந்தால் கணக்கு எட்டு, நீ சந்தோஷமா மடிச்சு அனுப்பியிருப்பே, போடத்தான் போனேன், பெட்டி வரைக்கும் போன கை உள்ள போகல, எனக்குச் சொல்ல வாய் வரல, உன் நோட்டே சொல்லட்டும்னு விட்டுட்டேன் என்றார். உன் அத்தை, அண்ணா ஊசி முனையை முழுங்கலையே என்றாள், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன், கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிரிக்காமல் மிச்சமிருந்த இருபதில் அவர் தையல் நாலு, ஒவ்வொரு குத்தும் அரை விரல் நீளம். இத்தனை நாள் தையல் நீளமாய்ப் போகிறதே, என் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேனே, அதுதான். ரெண்டாவதைப் பிரித்துப் பஞ்சைக் கிள்ளியபோது என் கட்டைவிரலில் ஏறியது. நகத்தளவு முனை. தையல்காரம்மா ரெண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, பொருந்துது அக்கா என்றாள். அதற்கு அப்புறம்தான் அப்பா தண்ணீர் குடித்தார்.

பிரித்ததை இப்போது ரெண்டு பேருமாகத் தைக்கிறோம், ஊசியைத் தினமும் எண்ணுகிறேன். பிரிக்காமல் நின்ற அவருடைய மீதி ரெண்டு சதுரத்தைக் காந்தம் வைத்தும் கையால் பிசைந்தும் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன், வலது பக்கக் கீழ் மூலை, பார்த்தால் உனக்கே தெரியும். தைக்கும்போது என்ன சொல்லித் தைத்தீங்க என்று கேட்டேன். எனக்கு உன் மாதிரி ஜெபமெல்லாம் வராது, ஒரு குத்துக்கு ஒரு தரம் சிட்டுன்னு சொன்னேன் என்றார். உன் செல்லப் பெயரைக் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கண்ணு, நீ அவர் மகள். சொல்ல முடியாததைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பெருக்குகிற ரத்தம் உன்னிடமும் ஓடுகிறது. நாங்கள் கலங்குவோம் என்று நல்லதாக நாலு வரி ஜோடித்து அனுப்பாதே, ஒடிந்திருந்தால் ஒடிந்தது என்றே எழுது, பிரிக்க வேண்டியதை இங்கிருந்தே உன்னோடு உட்கார்ந்து பிரிக்கிறோம். படுத்தே சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, மாடிப்படி ஏறாதே. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவருக்கும் பயம் இருக்கும். கடவுள் உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காவல் இருக்கட்டும். அப்பா பக்கத்தில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார், தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

உன் அம்மா