உங்கண்ணனுக்குச் சொல்லக்கூடாத வளைவு

புனே.

அன்புள்ள சரிதாவுக்கு பூபதி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் பாப்பா ரஞ்சனி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம். போனில் பேசினால் உங்கண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார் என்றுதான் கடிதம்.

நாங்கள் இங்கே பட்டறையில் செய்கிற மாதிரி, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற படுக்கை வண்டி அவரும் செய்கிறாராம். முன்பக்க வளைவில் பிளைவுட் உடைகிறதாம், என்னிடம் வழி கேட்கச் சொன்னாராம். நாமக்கல்லில் அவர் லாரி பாடிப் பட்டறையில் நான் ஒரு பலகையை உடைத்தபோது, அத்தனை ஆள்கள் முன்னால், "மாப்ள, உங்க கையில ஆணிதானுங்க வளையும், ஊட்டுக்குப் போங்க" என்று சிரித்தவர் அவர்தான்.

இங்கேயும் முதலில் உடைத்தேன். ஒரு சில்லு மூக்கில் அடித்தது. பயப்படாதே, என் மூக்கு முன்பே கோணல்தான். பிறகு மர ரேகை மேலும் கீழுமாக ஓடாமல் குறுக்கே ஓடும்படி பலகையைத் திருப்பினேன். வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி, லாரித் தார்ப்பாய்க் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். காயாத அப்பளம் போல வளைந்தது. முதலாளியே தடவிப் பார்த்தார்.

உங்கண்ணனிடம் வெந்நீரையும் கயிற்றையும் மட்டும் சொல். ரேகையைச் சொல்லாதே. அதே ஆள்கள் முன்னால் அவரே போன் போட்டு, "மாப்ள, எப்படிங்க வளைச்சீங்க?" என்று கேட்டால் சொல்கிறேன்.

பருப்புப்பொடி அனுப்பு. ரஞ்சனியின் தலையணை உறை ஒன்றும் வை, துவைக்க வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அவர் பலகையை இறுக்குகிற அன்றைக்கு எனக்குப் போன் போட்டுப் பட்டறை வாசலில் நில். உடைகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன்,
பூபதி