நீ சொன்னால் குழாயைத் திறப்பேன்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? இங்கே கடை ஏதோ ஓடுகிறது. காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்ததிலிருந்து எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. வேகும் மால்ட் பார்லியின் மேல் குனிந்தால் முகத்தில் ஆவி படுகிறது, வாசனை மட்டும் இல்லை. நாக்கும் செத்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். டாக்டர், வரும் என்கிறார். வெளியே யாரிடமும் இதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. பீர் காய்ச்சுகிறவனுக்கே ருசி தெரியாது என்றால் தெருவில் யார் வந்து உட்காருவார்கள்?

தெர்மாமீட்டரையும் நீ பக்குவம் எழுதி வைத்த பழைய நோட்டையும் பார்த்துத்தான் காய்ச்சுகிறேன். ஒரு தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட்டை எடுத்து அடுத்த தொட்டிக்கு விடுவோமே, அதில்தான் பயம். அது கெட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? புதுத் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குடித்துப் பார். நீ சொன்னால் குழாயைத் திறப்பேன், அதுவரை ஒரு கிளாஸ்கூட விற்க மாட்டேன்.

ஒரு முறை கடை நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, “இது பீர் இல்ல, கழனித்தண்ணி. கொட்டுங்க” என்று தொட்டி முழுவதையும் சாக்கடையில் விட வைத்தாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ சொன்னது சரி.

நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் டிராயரில் இருக்கின்றன. கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

உன்
பீர்க்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. குடித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. தாராளமாகக் குழாயைத் திறங்கள். மூக்கை நினைத்துக் கவலைப்படாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை பழகிவிட்டது. ஆதியில் பீர் காய்ச்சியதெல்லாம் பெண்கள்தான் என்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் நான் அளந்துகொண்டிருந்ததை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இங்கே யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை.

காகிதங்களுக்கு அவசரமில்லை.

அன்புடன்,
நான்

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே குழாயைத் திறந்தேன். மாடியில் இருக்கும் தையல்காரர் பாதி குடித்துவிட்டு, ஏதோ வேலை ஞாபகம் வந்ததாக எழுந்து போனார். எதிர்வீட்டு நர்ஸ் நல்லா இருக்கு என்றார். அவர் கிளாஸ் நிறைந்தபடியே இருந்தது. இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் சலூன்காரர் வந்து கதவைச் சாத்தினார்.

“அண்ணே, உடம்பு சரியில்லாதவர்னு எல்லாரும் உங்க மூஞ்சிக்காகக் குடிக்கிறோம். புளிச்சுப் போச்சு.”

தொட்டியை நானே சாக்கடையில் திறந்துவிட்டேன். எல்லாம் போக அரை மணி நேரம் ஆனது.

தெருக்காரர்கள் மறைத்ததில் வருத்தமில்லை. உனக்கு முதல் மிடற்றிலேயே தெரிந்திருக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என் பீரைப் பற்றி நீ ஒரு பொய் சொன்னதில்லை. என்னை உன் ஆளாக நினைத்தவரைக்கும் திட்டினாய். இப்போது மனம் நோகக்கூடாது என்று நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாய். உன் மேல் கோபம் வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

பக்கத்து ஊர்க் கடையிலிருந்து புது ஈஸ்ட் வாங்கி வந்துவிட்டேன். அடுத்த தொட்டியை சலூன்காரர் ருசி பார்க்கிறார். அவருக்குத் திட்ட வருகிறது.

காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் நோட்டும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
பீர்க்காரன்