முந்நூறில் எடுத்த படம்

என்னோடு சண்டை போடாமல் ஒரு முகூர்த்தத்தைக்கூடப் படம் எடுத்து முடித்திராத என் மச்சான் சேகருக்கு,

உன் மூத்த மகள் பவித்ராவின் கல்யாணம் தையில் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை செங்கத்துப் பையன், உரக்கடை வைத்திருக்கிறான். நீ இருந்திருந்தால் இரண்டு நாள் அவனைத் துருவித் துருவி விசாரித்துவிட்டு மூன்றாம் நாள் தோளில் கை போட்டிருப்பாய். ஜமுனாமரத்தூரில் நம் ஸ்டுடியோவுக்கு எதிரே இருக்கிற காலி மனையில்தான் பந்தல். விடிகாலை முகூர்த்தம். பந்தலுக்குள்ளேயே பனி இறங்கியிருந்தது.

கல்யாணச் சேதியை உனக்கு உடனே எழுதாமல் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் காரணம். அதற்கு முன்னால் உன் லென்ஸைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து முந்நூறு வரைக்கும், கிட்டம் தூரம் எல்லாமே ஒரே லென்ஸில். நீ அதை வாங்கி வந்த அன்றே நான் சிரித்தேன். "ஒரே ஆளு சமைச்சு, பந்தியும் போட்டு, மேளமும் அடிச்சா எப்பிடி மச்சான் இருக்கும்?" என்று கேட்டேன். "பசின்னு வந்தவனுக்கு சோறு கெடைக்குமா கெடைக்காதா, அத்த சொல்லு" என்றாய். அன்றைக்குத் தொடங்கிய வழக்கு, நீ போகும்வரை தீரவில்லை.

ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனி லென்ஸ் வேண்டும் என்ற என் கட்சி தப்பில்லை, மச்சான். உன் லென்ஸைப் பதினெட்டில் வைத்தால் நேராக நட்ட பந்தல் கால்கூட வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும். கலசப்பாக்கத்து வளைகாப்பில் குரூப் போட்டோவின் ஓரத்தில் நின்ற பெரியவர் பிரிண்ட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தாரே, நினைவிருக்கிறதா? "இன்னாங்க இது, என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி கீது?" என்றார். "அன்னிக்கு விருந்து கொஞ்சம் பலமுங்க" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய்.

முந்நூறு வரை இழுத்தாலோ வேறு தொல்லை. அந்தக் கோடியில் லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் குறைந்துபோகும். ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள். இமை முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கம்மலின் விளிம்பில் ஊதாவாக ஒரு கோடு ஓடும். எல்லாத் தூரத்துக்கும் ஒத்துப்போக வேண்டிய லென்ஸ், எந்தத் தூரத்திலும் முழுசாகக் கூர்மை காட்டுவதில்லை. நடுவில் ஐம்பது, எண்பதில் பரவாயில்லை என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டினாய்.

உன் கட்சியும் தப்பில்லை. பக்கத்துக் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருக்கும்போது நான் லென்ஸைக் கழற்றினால் தூசி நேராக சென்சாரில் போய் உட்காரும். அப்புறம் படத்தில் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அதை அழித்து அழித்தே என் கண் போனது. ஒரு கல்யாணத்தில் நான் ஐம்பது லென்ஸைக் கழற்றி எழுபது-இருநூறு லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். ஆல்பத்துக்குப் போனது உன் படம்தான். "என் படத்துல தாலி தெரியுது. உன் படத்துல லென்ஸ் மூடிதான் தெரியுது" என்று நக்கலடித்தாய். ஆனால் கல்யாண வீட்டாரிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கடைசியில் நீயே இறங்கி வந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பவி கல்யாணத்த நீதான் எடுக்கணும். உன் லென்ஸ்லயே எடு. என் பொண்ணு தெளிவா வரட்டும்" என்றாய். நான் தலையாட்டினேன்.

அந்த வாக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அப்பா இல்லாத பெண்ணை யாராவது ஒரு ஜோடி நின்று தாரை வார்த்துக் கொடுப்பது நம் வழக்கம். "அத்தையும் மாமனும் குந்தட்டும்" என்று உன் பெரியம்மா முடிவு செய்துவிட்டார். உன் தங்கை கஸ்தூரியும் நானும் மணையில். கேமராவுக்குச் செங்கத்திலிருந்து என் நண்பன் ஒருவனை வரவழைத்தேன். நல்ல கூரான லென்ஸாக நான்கு கொண்டுவந்தான்.

இப்போது அந்த ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். பவித்ராவின் தலையில் பூ சரிந்திருந்தது. உன் மனைவி வள்ளி அக்கா மேடைக்கு வந்து அதைச் சரிசெய்யப் போனாள். பெரியம்மா சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "வள்ளி, நீ அந்தாண்ட போயி சமையல் ஆளுங்கள பாரும்மா. முகூர்த்த நேரம்."

அக்கா பூவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் இரண்டடி தூரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. நல்ல நேரத்தில் வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். பெற்றவளை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட்டு, அவள் பெண்ணை நான் தாரை வார்த்துக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? யாராவது உன் முன்னால் அப்படிச் சொல்லியிருப்பார்களா?

ஒரு வாரம் கழித்து நண்பனும் நானும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து படங்களைப் பிரித்தோம். அவன் எடுத்தவை பிரமாதம். அட்சதை அரிசியை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் பவி மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு எங்கியோ பாக்குதுப்பா, இது வேணாம்" என்று அவன் தள்ளிவைத்தான்.

அப்போதுதான் அக்கா வந்து மேசைமேல் ஒரு மெமரி கார்டை வைத்தாள். "நானும் கொஞ்சம் எடுத்தேன் தம்பி. நல்லா வந்திருக்காது."

உன் கேமரா. நீ போனபின் அதிலிருந்து அந்த லென்ஸை யாரும் கழற்றவில்லை. பீரோவிலிருந்து அக்காவே கொண்டுவந்து, சமையல் ஆட்கள் பக்கம் நின்றபடி எடுத்திருக்கிறாள். பதினொரு படங்கள். பத்தில் கை நடுங்கியிருந்தது. அவ்வளவு தூரம் இழுத்தால் மூச்சு விட்டாலே படம் ஆடும் என்று உனக்குத் தெரியும். பதினோராவது மட்டும் நின்றிருந்தது. கீழே யாருடைய தலையோ மறைக்கிறது, பனியில் நிறம் வெளுத்திருக்கிறது, நான் உன்னிடம் குறை சொன்ன அத்தனையும் அந்தப் படத்தில் இருக்கின்றன. கழுத்தில் மாப்பிள்ளையின் விரல்கள். பவியின் கண்கள் நிரம்பி, நேராக லென்ஸைப் பார்க்கின்றன.

அவள் எங்கோ பார்க்கவில்லை. அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரில் கூர்மையை ஏற்றிப் பார்த்தேன். முகம் பொம்மை மாதிரி ஆகிவிட்டது, பழையபடியே விட்டுவிட்டேன். அப்புறம் பழக்க தோஷத்தில் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். முந்நூறு என்று இருந்தது. உன் லென்ஸால் எட்டக்கூடிய கடைசித் தூரம். அந்தப் படம் மங்கியதற்கு உன் லென்ஸ்மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. அக்காவை அவ்வளவு தூரத்தில் நிறுத்தியது நாங்கள்தானே.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

"வுடு தம்பி, முடிஞ்சி போச்சி. நானேதான போய்ட்டேன்" என்றாள். அப்புறம் திரையைப் பார்த்து, "ரொம்ப தூரமாத்தான் இருந்துச்சி" என்றாள்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டு பவிக்குக் கொடுத்திருக்கிறேன். புள்ளிகளோடு, மறைக்கிற தலையோடு, அப்படியே. மாப்பிள்ளை வீட்டில் யாரோ "இன்னா மங்கலா கீது?" என்று கேட்டார்களாம். "எங்கம்மா எடுத்தது" என்றாளாம் பவி.

உன் சின்ன மகள் நிவேதாவுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கப் போவது வள்ளி அக்காதான். நானும் கஸ்தூரியும் மணையில் உட்கார மாட்டோம் என்று பெரியம்மாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். நான் கேமராவோடு கீழே நிற்பேன். தாயையும் மகளையும் ஒரே படத்தில் எடுக்க எந்த லென்ஸாக இருந்தால் என்ன, மச்சான்? பக்கத்தில்தானே நிற்கப்போகிறார்கள்.

உன் தங்கையைக் கட்டியவன்,
தணிகாசலம்