மலைக்காகத் தள்ளிய முகூர்த்தம்

உடுமலைப்பேட்டை
ஆடி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள நந்திதா கண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி மிதுனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கனடாவில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், நலமில்லாதவள் முதுகில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஐந்து நாள் மலையில் நடக்கிறேன் என்று கிளம்ப மாட்டாள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் போதும், "அப்பா, சிக்னல் விட்டு விட்டு வருதுங்க" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் போகாது. பக்கத்துத் தோட்டத்து மனோஜ்குமார் உங்கள் கால்கரிக்கே படிக்க வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும்.

முதலில் அந்தத் தேதி விஷயம். மிதுனுக்கு ஆவணி எட்டு என்று முகூர்த்தம் குறித்ததும் முதல் போன் உனக்குத்தான் போட்டேன். "சரிங்கப்பா, வந்தர்றேனுங்க" என்றாய். ஆவணி எட்டு ஆகஸ்ட்டில் வரும் என்று பார்க்க உனக்குத் தோன்றவில்லை, ஆவணி என்றால் செப்டம்பர் என்று நீயாக நினைத்துக்கொண்டு லீவையும் செப்டம்பரில் போட்டுவிட்டாய். தைப்பொங்கலுக்கு நான் அனுப்பிய தினசரிக் காலண்டரைச் சுவரில் மாட்டியிருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா. பத்திரிகை அடித்து, அதன் போட்டோவை உனக்கு அனுப்பிய பிறகுதான் "ஐயோ அப்பா, அந்த வாரம்தானுங்க எனக்கு மலைக்கு அனுமதி கிடைச்சிருக்குது" என்கிறாய். மூன்று வருடமாக முயன்று இந்த வருடம்தான் கிடைத்ததாம். மலையில் நடப்பதற்குக் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையில் நின்று இடம் பிடிக்கும் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்குமேல் சொன்னாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பெரியப்பா ஊட்டு நித்யஸ்ரீ இணைச்சீர் பண்ணட்டுங்கப்பா, நான் வீடியோவுல பாத்துக்கறேன்" என்றாய். அந்த மலையில் போனே எடுக்காது என்று சொன்னவளும் நீதான், பிறகு எந்த வீடியோவில் பார்ப்பாய்.

இணைச்சீர் என்ன, போட்டோ எடுப்பதற்கு நிற்கும் சடங்கா. தாலி கட்டப் போவதற்கு முன் கூடப் பிறந்தவள் சிங்காரித்துக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் வந்து நிற்பது. அக்காள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இன்னொருத்தி நின்றால் சபையில் கேட்க மாட்டார்களா. உன் பாவாத்தாள் அத்தை ஒருத்தி போதும், "ஏண்டா அங்கப்பா, புள்ளைக்கு மேலுக்கு முடியலீயா, இல்லே உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லீயா" என்று இப்போதே மூன்று தடவை கேட்டுவிட்டாள். மலை ஏறப் போகிறாள் என்று சொன்னால் சிரிக்கிறாள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். நடக்கும் வழி ஒரு முழ அகலம், அந்தப் பக்கம் அதலபாதாளம். பனி உருகி வழி திறப்பதே எங்களுக்கு ஆடி, ஆவணி வரும்போதுதான், அதைத்தான் நீங்கள் கோடைக்காலம் என்கிறீர்கள். கரடி வந்தால் முகத்தில் அடிக்க ஒரு மருந்தாம், தின்பதையெல்லாம் கூடாரத்துக்குத் தூரத்தில் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டுமாம். இதையெல்லாம் நீ பெருமையாகச் சொல்கிறாய், அம்மா வாயைப் பிளந்து கேட்கிறாள், நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். அமராவதி அணைப் படிக்கட்டில் பாதி ஏறிவிட்டுத் தூக்கு தூக்கு என்று அழுத பிள்ளை நீ. நானும் மலை தெரியாதவன் இல்லை, வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் வெறுங்காலில் ஏறுகிறவன்தான். ஆனால் எங்கள் கூட முன்னே நூறு பேர், பின்னே நூறு பேர் வருவார்கள். நீயும் ஒரு சிநேகிதியும் மட்டும் போவதற்குப் பெயர் என்ன.

இப்போது எழுதப் போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று மிதுன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். எனக்கு வாய் நிற்காது, அது அவனுக்கும் தெரியும். மண்டபத்தில் ஏதோ தகராறு, அதனால் கல்யாணத்தை ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குத் தள்ளியாயிற்று, இப்போது உன் லீவுக்கும் சரியாக வருகிறது என்று போன வாரம் உனக்குச் சொன்னானே, மண்டபத்தில் ஒரு தகராறும் இல்லை. அவனே கோபிசெட்டிபாளையத்துக்குப் போன் போட்டு, முதலில் கட்டிக்கொள்ளப் போகும் பெண் பூஜிதாவிடம் பேசி, அவள் தன் அப்பாவிடம் பேசி, எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து நிற்கிறான். பெற்றவன் நான் எதற்கு இருக்கிறேன். பாதி ஊருக்குப் பத்திரிகை வைத்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, வாழைமரம் கட்டுகிறவன் வரைக்கும் சொல்லியாயிற்று. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "அக்கா அதை உட்டுட்டு வந்தா மனசு அங்கேயே நிக்குமுங்கப்பா. நடந்துபோட்டு வரட்டும். அக்கா இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேனுங்க" என்றான். சத்தமே போடாமல் சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியுமா. நானும் அம்மாவும் கோபிக்குப் போனோம். வழி நெடுகப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், பொண்ணு மலை ஏறுவதற்குக் கல்யாணத்தைத் தள்ளிவைத்த குடும்பம் என்று அவர் நாலு வார்த்தை கேட்டாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். உன் தம்பி மாமனார் கருப்புசாமி என்ன சொன்னார் தெரியுமா. "ஏனுங்க சம்பந்தி, மலைக்கு வாரேன்னு வாய் உட்டுச் சொல்லிப்போட்டா போய்ட்டுத்தானுங்க வரோணும். போன வருசம் எங்க பங்காளி ஊட்டுக் காதுகுத்துக்கு நானே போகலீங்க, அன்னிக்கு வெள்ளியங்கிரி ஏறுறதா சொல்லியிருந்தேனுங்க. புள்ளைக்கு மட்டும் வேற நியாயமுங்களா" என்றார். அந்த ஊர் மலையில் சாமி இல்லீங்களே என்று நானே உனக்கு எதிராகப் பேசினேன். "அதுவும் மலைதானுங்களே" என்று இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைக்கச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகப் போனவனுக்கு விருந்து வைத்தால் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வரும் வழியில் அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். "எனக்கும் ஐம்பத்தாறு ஆச்சுங்க, வெள்ளியங்கிரிக்கு வயசுப் பொம்பளை வரக்கூடாதுன்னு இனி யாரும் தடுக்க மாட்டாங்க. ஒரு வருசமாச்சும் மலைக்கு வாரியான்னு கேட்டீங்களா" என்றாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு காரை ஓட்டினேன். அடுத்த சித்திரைக்கு அவளைக் கூட்டிப்போகாமல் முடியாது போலிருக்கிறது, அந்தத் தலைவலியும் உன்னால் வந்ததுதான்.

தம்பி உனக்காகத் தன் முகூர்த்தத்தையே தள்ளியிருக்கிறான், இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியும் வை அம்மணி. படம் எடுக்கிறேன் என்று ஓரத்துக்குப் போகாதே. மழை பிடித்தால் பிடிவாதம் பண்ணாமல் நின்றுவிடு, உன் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும். இறங்கி வந்து போன் எடுக்கும் இடம் வந்ததும் குளிக்கும் முன்னால், சாப்பிடும் முன்னால் எனக்குப் பேசு, அந்த ஐந்து நாளும் நான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவேனே தவிர வேறு ஒரு வேலையும் ஓடாது. நேற்று கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் வந்து இணைச்சீருக்கு யார் நிற்பது என்று கேட்டார். "எம்பொண்ணு நந்திதாதானுங்க" என்று சொல்லிவிட்டேன். நித்யஸ்ரீயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். நடந்து நடந்து கால் வீங்கினால் வீங்கட்டும், நான் வெள்ளியங்கிரிக்கு ஊன்றிப் போகும் மூங்கில் தடியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், மண்டபத்துக்கு நானே எடுத்து வருகிறேன். ஒரு கையில் அதை ஊன்றிக்கொள், இன்னொரு கையில் தம்பியின் சேலை முனையைப் பிடித்துக்கொள், யார் சிரித்தாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நீ ஏறும் மலை உன்னைப் பத்திரமாக இறக்கி அனுப்பட்டும், குலதெய்வம் கூடவே நடக்கட்டும். மனோஜ்குமாரிடம் அம்மா கொடுத்த பருப்புப்பொடியை வாங்க மறக்காதே, மலையில் சோற்றுக்கு ஆகும், அதையும் மறக்காமல் இரும்புப் பெட்டியில் பூட்டி வை.

இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
அங்கப்பன்