அப்பாவின் ஈறும் இரண்டாவது ட்ரம்பெட்டும்

பிரேசர் டவுன், பெங்களூரு
செப்டம்பர் 14

அன்பு மகள் செலினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த லடாக் காற்றிலும் பனியிலும் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்பது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. போனில் பேசினால் பாதி வார்த்தை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, மீதி நேரத்தில் உன் அப்பா எல்லாம் சவுக்கியம் என்று சொல்லி முடித்துவிடுகிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நீ ராணுவ உடுப்பில் நிற்கும் படத்தைப் பெரிய சிஸ்டர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார், கேப்டன் செலின், பல் மருத்துவர், நமது ஆயா ஆஞ்சலா அவர்களின் மகள் என்று கீழே எழுதியும் இருக்கிறார். எல்.கே.ஜி. பிள்ளைகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேப்டன் அக்கா துப்பாக்கியால் பல் பிடுங்குவாங்களா என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, அந்தப் பயத்திலாவது ஒழுங்காகப் பல் தேய்க்கட்டும்.

இப்போது உன் அப்பா உனக்குச் சொல்லாத கதைக்கு வருகிறேன், முழுதும் படித்த பிறகு வருத்தப்படலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். அவருடைய பல் பெருமை உனக்குத் தெரியும், கல்யாண வீட்டில் பேண்டில் ட்ரம்பெட் வாசித்து முடித்ததும் சோடா மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டுவார், எங்கள் வம்சத்தில் யாருக்கும் பல் விழுந்ததில்லை என்பார். நீ கல்லூரியில் படித்த நாளில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாய், வலியும் இல்லை ஆட்டமும் இல்லை எதற்குக் காட்ட வேண்டும் என்று துரத்திவிடுவார். போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். கேட்டால் பிரஷ் முரடு என்றார். ரத்தம் வருகிற பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டார், விட்டதனால் அங்கே இன்னும் அதிகமாக வந்தது. பிறகு ஒரு நாள் பேஸ்டை ஒதுக்கிவிட்டுச் சிவப்புப் பல்பொடி வாங்கி வந்தார், அவர் அப்பா காலத்துப் பழக்கம் திரும்புகிறது போல என்று நானும் இருந்துவிட்டேன். சிவப்புப் பொடியில் துப்பினால் ரத்தம் தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் துண்டை எல்லாம் என் தட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மனுஷருக்கு என் மேல் இவ்வளவு பாசம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோய் நானும் சாப்பிட்டேன், கடிக்க முடியாமல் தள்ளிவிட்டது என்று யாருக்குத் தெரியும். எப்போது பார்த்தாலும் வாயில் ஒரு கிராம்பு, அது நாற்றத்துக்கு.

மே மாதக் கடைசியில் டிரம் அடிக்கிற முனிகிருஷ்ணன் பள்ளிக்கூட கேட்டுக்கு என்னைத் தேடி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, டிரேவரண்ணன் இனிமே ட்ரம்பெட் தொடமாட்டாராம், யாராவது வாங்கிறதா இருந்தா சொல்லுன்னு என்கிட்ட சொல்றாரு. மேல போற சுரம் எல்லாம் உடையுது, ஊதும்போது கண்ணுல தண்ணி வருது. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" வீட்டுக்கு வந்தால் அவர் டீயில் பன்னை ஊறவைத்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறங்கள் என்றேன், மாட்டேன் என்றார், திறக்காவிட்டால் இப்போதே செலினுக்குப் போன் போடுவேன் என்றதும் திறந்தார். ஈறு எல்லாம் கருஞ்சிவப்பாக உப்பி, மேல் முன்பல் ஒன்று மற்றதைவிட நீளமாக இறங்கியிருந்தது, விரலால் தொட்டால் அசைகிறது. மவுத்பீஸை அழுத்துகிற இடமே அதுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது. "பட்டாளத்துல இருக்கிறவன் பல்லை எல்லாம் பாக்குற கேப்டனோட அப்பன் வாய் இப்படி இருக்குதுன்னா, அவளுக்குத்தானே அசிங்கம்." எனக்குக் கோபமும் வந்தது அழுகையும் வந்தது. மூடி வைத்திருக்கிற வாயைத் திறக்க வைக்கத்தான் அவள் அத்தனை வருஷம் படித்தாள், அதைக்கூடவா புரிந்துகொள்ளவில்லை என்று கேட்டேன். எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டார்.

நீ படித்த கல்லூரிக்கே கூட்டிப் போனேன். உன் கூடப் படித்த பார்கவி இப்போது அங்கேயே ஈறு வைத்தியத்தில் மேல்படிப்பு படிக்கிறாள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஈறு வைத்தியப் பிரிவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், எதிர்ச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய ஒரு பெரிய படம். நான் எழுத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன், உன் ழகரத்தின் வால் எனக்குத் தெரியாதா. நீ வரைந்து கொடுத்துவிட்டு வந்ததை எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா. ஒரே மனிதர், நாலு முகம். முதல் முகத்தில் ஈறு வெளிர் சிவப்பாக, சட்டைக் காலர் கழுத்தைப் பிடிப்பது போலப் பல்லை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டாவதில் பல்லோரத்தில் படிந்த அழுக்கைத் தேய்க்காததால் ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிகிறது, இப்போது கவனித்தால் பழையபடி ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவதில் அழுக்கு கல்லாக இறுகிக் கீழே இறங்கி, காலர் தொளதொளத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஒரு பள்ளம். நாலாவதில் உள்ளே எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. வலிக்காது, வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தாய்.

அந்த மனிதருக்கு உன் அப்பாவின் அடர்ந்த மீசை, கையில் ட்ரம்பெட் வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா படத்தையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, உங்களை மாதிரியே இருக்குதே அண்ணா என்று கேட்டே விட்டார். இவர் எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன். எழுந்தார், ஆனால் படத்துக்குக் கிட்டே போய் நின்று எழுத்தை எல்லாம் ஒன்று விடாமல் படித்தார். பிறகு திரும்பி, பெஞ்சு முழுதும் கேட்கும்படி, "நான்தான். என் மக வரைஞ்சது. பட்டாளத்துல கேப்டனா இருக்கா" என்றார். செலின், நீ உடுப்புப் போட்டு நின்ற அணிவகுப்பு அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. பார்கவியிடம் நான் எத்தனாவது படத்தில் இருக்கிறேன் என்று கேட்டார். அவள் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லோரமும் இறக்கி அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தன் தமிழில் மறைக்காமல் சொன்னாள். "சொல்ப லேட் ஆயிடுச்சு அங்கிள். சில எடத்துல மூணு, முன்பல்லு கிட்ட நாலு. கரைஞ்ச எலும்பு பழைய மாதிரி வளராது, ஆனா இதுக்கு மேல கரையாம நிறுத்தலாம்." நாலோடு கதை முடிந்ததா என்று இவர் கேட்டார். "முடியல அங்கிள், அங்கேருந்துதான் எங்க வேலை" என்றாள். உன் சிநேகிதி தங்கமான பெண், அவளுக்கு நீ ஒரு கடிதம் போடு.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் ஏறிக் கிடந்தது, அது இருந்தால் ஈறு இன்னும் சீக்கிரம் கெடுமாம், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காதாம். மாத்திரை ஆரம்பித்தாயிற்று, டீயில் சர்க்கரை நிறுத்தியாயிற்று. ஈறு மரத்துப்போக ஊசி போட்டு ஒவ்வொரு பக்கமாக உள்ளே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். முதல் தடவை முடிந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. வீக்கம் வற்றியதும் பல் இன்னும் நீளமாகத் தெரிந்தது, தண்ணீர் பட்டால் கூசியது, கல்லை எடுத்துவிட்டதால்தான் பல் ஆடுகிறது, இனிமேல் போகமாட்டேன் என்றார். பார்கவி போனில் அரை மணி நேரம் பேசினாள். உப்பியிருந்தது சதை இல்லை வீக்கம் என்றும், கல் பல்லைப் பிடித்து நிற்கவில்லை, எலும்பைத் தின்றுகொண்டிருந்தது என்றும் புரிய வைத்தாள். மறுபடி போனார். கீழ்வரிசையில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அன்று வம்சப் பெருமை எதுவும் பேசாமல் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். மேல் முன்பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துக் கட்டினார்கள். ஊதுவதைச் சில காலம் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார், அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. ஆனால் ஒன்று சொல்கிறேன், மிருதுவான பிரஷைச் சாய்த்துப் பிடித்து ஈறோரம் தேய்ப்பதையும் பல் இடுக்குக்கு ஊசி போன்ற குட்டிப் பிரஷ் விடுவதையும் அவர் ட்ரம்பெட் சாதகம் செய்கிற மாதிரி கண்ணாடி முன் நின்று கற்றுக்கொண்டார். ஆகஸ்டில் பார்கவி அளந்து பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது, பள்ளங்கள் குறைந்துவிட்டன, மெதுவாக ஊதலாம் என்று சொன்னாள்.

மாதா திருநாளுக்குக் கொடியேற்றிய அன்று பேண்டுக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். தேருக்கு முன்னால் முதல் ட்ரம்பெட் உன் அப்பாவுடையதுதான் என்று நீ பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்கம், அந்த இடத்தை யாரும் கேட்கமாட்டார்கள், இவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். இவர் தன் பக்கத்தில் இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கிற சுனிலைக் கூப்பிட்டு, "மேல் சுரம் எல்லாம் நீ எடு. அழுத்தி ஊதினா எனக்குப் பல்லு தாங்காது. நான் செகண்ட் வாசிக்கிறேன்" என்றார். முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டார். நான் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தேர் அன்று தெரு முழுக்க ஜனம், மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தினவர்கள், மெழுகுவர்த்தி, மல்லிகை. சுனிலின் ஊதல் மேலே ஏறும்போது கீழே ஒரு குரல் அதைத் தாங்கிக்கொண்டே வந்தது, அது உன் அப்பா. இதுவரை அவர் முதலில் நின்று வாசித்ததைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்த வருஷம் பட்ட பெருமை வேறு, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூலையில் நின்ற ஒரு பழைய ஆள், என்ன டிரேவர் இறங்கிட்டியே என்று கேட்டதற்கு இவர், இறங்கல, வாசிச்சுக்கிட்டு இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

தேர் முடிந்த சில நாளிலேயே பேண்டு ஆட்கள் எல்லாரையும் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனார். காலையில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு அப்படியே போனதால் எல்லாரும் சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையுமாகப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம், யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து வாட்ச்மேன் ஓடி வந்தாராம். முனிகிருஷ்ணனுக்கு இரண்டாவது படம், நல்ல வேளை. நானும் காட்டினேன், எனக்கும் லேசாகத்தான், சுத்தம் செய்துகொண்டேன். உனக்கு ஒன்று கேட்க வேண்டும், எல்லார் வாயையும் பார்க்கிற நீ உன் வாயை யாரிடம் காட்டுகிறாய். டாக்டர்தானே என்று இருந்துவிடாதே, கூட வேலை செய்கிறவர்களிடம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டிக்கொள். வெந்நீர் குடி, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஊறுகாயை ஒரே நாளில் காலி செய்துவிடாதே.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், திருநாள் அன்று பேண்டு ஆட்களை ஸ்டூடியோ பரத் எடுத்தது. உன் அப்பா வாய் நிறையச் சிரிக்கிறார், கீழ்வரிசையில் பல் போன இடம் பளிச்சென்று தெரியும். பரத் நல்ல எண்ணத்தில்தான், அங்கிள் கம்ப்யூட்டர்ல அந்த எடத்தை அடைச்சுடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கேப்டன் பார்க்கணும் என்றார்.

மாதா உன்னையும் அந்த மலையில் உன்னோடு இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்கு நீயே எழுது, திட்டாமல் எழுது.

உன் வரவை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா ஆஞ்சலா